மெடிக்கலுக்கு நிப்பாட்டின குளிசை

சேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை,
18.02.1996

அன்பின் ஹியூபேட்டுக்குக் கொறற்றி எழுதுவது.

நான் சுகம். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றப் பக்கம் வரும்வரை நெஞ்சிடியோடு வாசிப்பீர்கள். கோட்டையில் அந்தப் பெரிய குண்டு வெடித்தபோது நான் புதுக்கடையில் கந்தோரில்தான் இருந்தேன். யன்னல் கண்ணாடி விழுந்தது. ரைப்ரைற்றருக்கும் ஒன்றுமில்லை, எனக்கும் ஒன்றுமில்லை. கோட்டில் அப்படி வாதாடுகிற எங்கள் புறொக்ரர் யோகநாதன் ஐயா மட்டும் மேசைக்குக் கீழே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. இதை நான் சொன்னதாக ஒருவருக்கும் எழுதிவிடாதீர்கள்.

இனி நல்ல செய்தி. ஹைகொமிஷனிலிருந்து எங்கள் ஃபைல் நம்பர் வந்துவிட்டது! நீங்கள் போட்ட ஸ்பொன்சர் சரியாம். அடுத்தது மெடிக்கல். அது சரிவந்தால் விசா. கடிதத்தைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏற முடியாமல் கீழேயே இருந்துவிட்டேன். வீட்டுக்கார ரபீக்கா ராத்தா ஓடிவந்து, "என்னா புள்ள, மௌத்துச் செய்தியா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அப்ப எனக்கினி பேச்சுத் தொணைக்கி யாரு ஈக்கி?" என்று அழுதார். மகள் ஷபீகா வட்டிலப்பம் கொண்டுவந்து தந்தாள். நல்லதுக்கும் வட்டிலப்பம், கெட்டதுக்கும் வட்டிலப்பம், அந்த வீட்டில் அதுதான் வழக்கம்.

இன்னொரு சங்கதி. பயப்படவேண்டாம். போன கிழமை ரைப் அடித்துக்கொண்டிருக்க எழுத்தெல்லாம் இரட்டை இரட்டையாகத் தெரிந்தது. பிடரி வெடிக்கிறமாதிரித் தலையிடி. யோகநாதன் ஐயாவின் மச்சாள் வெள்ளவத்தையில் டொக்டர், பாலேஸ்வரி என்று பெயர். அவரிடம் போனேன். கையில் பட்டியைச் சுற்றிப் பம்ப் அடித்துப் பார்த்துவிட்டு, முகம் மாறி, திரும்பவும் அடித்துப் பார்த்தார். பிறஷராம். "அம்மா என்ன வருத்தத்தில செத்தவா?" என்று கேட்டார். முகமும் காலும் வீங்கி, கடைசியில் சலமும் போகாமல் செத்தவா என்று சொன்னேன். "அது கிட்னியாத்தான் இருக்கும். பிறஷர் சத்தம் போடாமல் கிட்னியைத் தின்னும், பிள்ளை. உமக்கும் கவனம் வேணும்" என்றார். காலையில் ஒரு குளிசை. உப்பைக் குறைக்கட்டாம். கருவாட்டைக் கண்ணாலும் பார்க்கக்கூடாதாம். கருவாடு இல்லாமல் கொட்டாஞ்சேனையில் எப்படிச் சீவிப்பது என்று டொக்டர் சொல்லவில்லை.

நான் கேட்க வந்தது இதுதான். மெடிக்கல் பேப்பரில், என்ன வருத்தம், என்ன குளிசை எடுக்கிறீர் என்று ஒரு கேள்வி இருக்கிறதாம். அதற்கு என்ன எழுதுவது? ரெலிபோனில் கேட்கலாம் என்றால், கொமினிக்கேஷன் கடையில் காத்திருக்கிற சனம் முழுக்க என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. கடிதத்திலேயே சொல்லுங்கள்.

அந்தோனியாருக்கு உங்கள் பேரில் மெழுகுதிரி கொளுத்தினேன்.

தபால்காரனின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்திருக்கும்,
கொறற்றி


ஸ்காபரோ,
17.03.1996

என் அன்புக் கொறற்றி,

உம்முடைய கடிதத்தை வேலைத்தலத்தில் உடுப்பு மாற்றுகிற அறையில் நின்று வாசித்தேன். என்னையறியாமல் கத்திவிட்டேன்! சமையலறை முழுக்க எட்டிப்பார்த்தது. "மை வைஃப் கமிங்" என்றேன். ஒரு சீனாக்காரன் சட்டியில் தட்டித் தாளம் போட்டான்.

இனிக் குளிசை விஷயம். கவனமாகக் கேளும். என்னோடு அறையில் இருக்கும் வலன்ரைனுக்கு இந்த மெடிக்கல் சட்டமெல்லாம் தண்ணிபட்ட பாடு. அவன் சொல்கிறான், பெரிய வருத்தம் இருக்கிற ஆளை இந்த நாடு எடுக்காதாம், வைத்தியச் செலவு தங்கள் தலையில் விழும் என்று. குளிசை போட்டால் அது இரத்தத்தில் நின்று காட்டிக்கொடுக்குமாம். அவனுக்குத் தெரிந்த ஒருவரின் மனைவி இப்படித்தான் பிடிபட்டு, இன்னும் உங்கே வத்தளையிலேயே இருக்கிறாவாம். ஆகவே மெடிக்கல் முடியும்வரை குளிசையை நிப்பாட்டும். பேப்பரில் ஒரு வருத்தமும் இல்லை என்று எழுதும். இங்கே வந்து இறங்கினபிறகு பெரிய பெரிய டொக்டர்மாரிடம் நானே கூட்டிப்போகிறேன், எல்லாம் இலவசம்.

உமக்கென்ன பிறஷர்? உமக்கு இருப்பது கவலை. கவலைக்குக் காரணம் நான். என்னிடம் வந்து சேர்ந்தால் தானாகப் போய்விடும்.

எனக்கு இடுப்பில் நாரிப்பிடிப்புத்தான். நாள் முழுக்க நின்று சட்டி கழுவுகிறவனுக்கு வேறென்ன வரும்? வலிக் குளிசை இங்கே கடையில் மிட்டாய்மாதிரிக் கிடக்கிறது. வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடுகிறேன்.

உம்மை நினைத்தபடி,
ஹியூபேட்


சேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை,
11.06.1996

அன்பின் ஹியூபேட்,

நீங்கள் சொன்னபடி உயிர்த்த ஞாயிறோடு குளிசையை நிப்பாட்டிவிட்டேன். மிச்சக் குளிசையைச் சீனிப் போத்தலுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறேன். டொக்டரிடமும் போவதில்லை. வெள்ளவத்தைப் பக்கம் போனால் மற்றப்பக்க நடைபாதையால் நடக்கிறேன், கடன்காரி மாதிரி.

மெடிக்கல் வைகாசியில் என்றார்கள், பிறகு ஆடி என்றார்கள். இப்போது ஒன்றுமே சொல்வதில்லை. மழை இல்லையாம், கரண்டும் இல்லை. பகல் முழுக்க கந்தோரில் காற்றாடி நின்றுபோய், வேர்வை ரைப்ரைற்றரில் சொட்டுகிறது. தண்ணீர் குடிக்கவும் பயம். கந்தோருக்குக் கக்கூஸ் ஒன்றுதான், அதுவும் கோட்டுக்கு வருகிற ஆம்பிளைகள் எல்லாம் போகிற இடம். காலையில் ஒரு பிளேன்ரீ குடித்தால் திரும்ப வீட்டுக்கு வந்துதான் தண்ணீர். வழியில் ஆமிக்காரர் சென்றிப் பொயின்ற்றில் இறக்கி வரிசையில் விட்டால் எத்தனை மணித்தியாலம் என்று யாருக்குத் தெரியும்? இங்கே எல்லாப் பெண்களும் இப்படித்தான்.

தலையிடி விட்டபாடில்லை. சந்திப் பாமசிப் புவாத் நானாவிடம் சொன்னேன். "டொக்டர்ட துண்டு இல்லாட்டியும் பரவாயில்ல தங்கச்சி, நம்ம ஆளுதானே" என்று நல்ல கடும் குளிசையாகத் தந்தார். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. சில நாள் மத்தியானமும். அது போட்டால்தான் எழுத்துத் தெரிகிறது. வலிக் குளிசை மெடிக்கலில் பிடிபடாதுதானே? வலன்ரைனிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

போன கிழமை விடிய எங்கள் ஒழுங்கை முழுக்கச் சுற்றிவளைப்பு. எல்லோரையும் றோட்டில் இறக்கி விட்டார்கள். நான் இரவுச்சட்டைக்கு மேல் துவாயைச் சுற்றிக்கொண்டு நின்றேன். "கொஹெத உபன்னே?" என்று ஒரு ஆமிக்காரன் கேட்டான். எங்கே பிறந்தாய் என்று. இந்த ஒழுங்கையிலேயே என்றேன். நம்பாமல் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எனக்கு உங்களைத் துறைமுக வாசலில் வைத்துப் பிடித்துப்போன நாள்தான் ஞாபகம் வந்தது. கப்பல் சாமான் எண்ணுகிற கிளாக்கரை எதற்குப் பிடித்தார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. வெளியே வந்தபோது உங்கள் நகங்கள் இருந்த கோலத்தைப் பார்த்துவிட்டுத்தான் உங்களை விமானம் ஏற்றினேன். அதை நினைத்தால் நீங்கள் அங்கே இருப்பதே போதும் என்று இருக்கும். ஆனால் பிறகு இரவு வந்துவிடும்.

கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. செருப்பு வார் பதிந்தால் அப்படியே நிற்கிறது. ரபீக்கா ராத்தா குத்திப் பார்த்துவிட்டு, "இது நல்லதுக்கில்ல புள்ள" என்கிறார். நடந்த வீக்கம் என்று சமாளித்தேன். நீங்கள் சொன்னால் அந்தக் குளிசையைத் திரும்பத் தொடங்கவா?

கேட்டுக்கொண்டு நிற்கும்,
கொறற்றி


ஸ்காபரோ,
09.07.1996

அன்புக் கொறற்றி,

தொடங்கவேண்டாம்! கரைக்கு வந்த வள்ளத்தைக் கவிழ்க்கவேண்டாம். இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடியும். வலிக் குளிசையால் ஒன்றும் இல்லை என்று வலன்ரைன் சொல்கிறான், நானும் அதுதானே போடுகிறேன்.

நான் தனி வீடு எடுத்துவிட்டேன். நிலக்கீழ் வீடுதான், ஆனாலும் எங்கள் இருவருக்கும் என்று தனிக் குசினி. பெரிய கட்டில் வாங்கினேன். வலன்ரைனும் நானும் படியால் இறக்கும்போது சுவரில் பூச்சு உதிர்ந்து, வீட்டுக்காரனிடம் ஏச்சு. உமக்கு ஒரு குளிர்கோட்டும் வாங்கியிருக்கிறேன், சிவப்பு. கடையில் உம்முடைய தோள் அளவாக ஒரு பிள்ளை நின்றது. அதைக் கேட்டுப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். கோபிக்கவேண்டாம், அளவுக்கு மட்டும்தான் பார்த்தேன்.

கட்டிலின் சுவர்ப்பக்கம் உமக்கு. நீர் எப்போதும் சுவர்ப்பக்கம்தானே படுப்பீர்.

ஹியூபேட்


சேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை,
29.09.1996

அன்பின் ஹியூபேட்,

மெடிக்கல் முடிந்தது. எப்படி எழுதுவது என்று தெரியாமல் இந்தக் கடிதத்தை நாலுதரம் கிழித்துவிட்டேன்.

அந்த டொக்டர் நல்ல மனிசன். சலப் போத்தலுக்குள் ஒரு கடதாசித் துண்டைத் தோய்த்தார். நிறம் மாறியது. இன்னொன்றைத் தோய்த்தார். பிறகு பிறஷர் பார்த்தார். "கொஞ்சம் இருந்திட்டு வாங்கோ அம்மா" என்று வெளியில் இருத்திவிட்டுத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார். அடுத்த நாள் இரத்தம், அதற்கடுத்து ஸ்கான். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டதாம். எங்கள் இரண்டு பேரின் நல்ல காலமும் அந்த ஸ்கான் மெஷினுக்குள் போய்விட்டது.

நான் நேரே பாலேஸ்வரி டொக்டரிடம் போனேன். பேப்பரைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தந்த குளிசை எங்கை?" என்று கேட்டார்.

"எடுக்கயில்லை டொக்டர்."

"ஆர் உம்மை நிப்பாட்டச் சொன்னது?"

"மறந்துபோனன்" என்றேன்.

"படிச்ச பிள்ளை, மாசக்கணக்கா மறக்கிறதோ? வேறை ஏதும் போட்டனீரோ?"

புவாத் நானாவின் குளிசை உறையைக் காட்டினேன். தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு ஏச்சை விட்டுவிட்டு ஆறுதலாகச் சொன்னார். ஒரு நாளில் வந்த வருத்தம் இல்லையாம். அம்மாவின் வழியில் வந்தது கொஞ்சம், எத்தனையோ வருடம் பார்க்காமல் விட்ட பிறஷர் கொஞ்சம். அதற்குமேல் இந்த வலிக் குளிசைகள் கிட்னிக்கு நஞ்சு, வெயிலுக்குள் தண்ணீர் குடியாமல் கிடந்து போட்டால் இன்னும் மோசம். "சாய்ஞ்சு நிண்ட சுவரைத் தள்ளி விழுத்தியிருக்கிறீர்" என்றார். புவாத் நானாவுக்கும் ஒருநாள் நல்ல பூசை இருக்காம்.

குளிசைகளைத் திரும்பத் தொடங்கியிருக்கிறேன். இம்முறை மூன்று. நீங்கள் கோபித்தாலும் நிப்பாட்டமாட்டேன்.

கொறற்றி


ஸ்காபரோ,
27.10.1996

கொறற்றி,

அந்த ஸ்கான் பிழையாக இருக்கும். உமக்கு என்ன வயது? வேறு இடத்தில் எடும். காசைப்பற்றி யோசிக்கவேண்டாம், அனுப்புகிறேன்.

வலன்ரைன் ஒரு வழி சொல்கிறான். திருப்பி மெடிக்கல் செய்யக் கேட்டு எழுதும். சலம் கொண்டுவரச் சொல்லுவார்கள். ரபீக்கா ராத்தாவின் மகள் ஷபீகா நல்ல சுகமான பிள்ளைதானே? அதனிடம் வாங்கிப் போத்தலில் கொண்டுபோம். சலத்தில் யாருடைய பெயரும் எழுதியிருக்காது. இப்படி வந்து சேர்ந்தவர்கள் இங்கே இருக்கிறார்களாம்.

இதைச் செய்யும், எனக்காக. கட்டிலில் இன்னும் நான் ஓரத்தில்தான் படுக்கிறேன்.

ஹியூபேட்


சேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை,
12.01.1997

அன்பின் ஹியூபேட்,

புதுவருட வாழ்த்துகள். பாலன் பிறப்புக்கு நான் ஒரு பலகாரமும் செய்யவில்லை. ராத்தாதான் கொண்டுவந்து தந்தார். வட்டிலப்பம்தான்.

நீங்கள் சொன்ன விஷயத்தை வெட்கத்தை விட்டு ராத்தாவிடம் கேட்டேன். என்ன சொன்னார் தெரியுமோ? "இதுக்கா புள்ள இவ்வளவு யோசிக்கிற? சும்மா போறதுதானே, எடுத்துக்கிட்டுப் போ!" ஷபீகா சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள். நானும் சிரித்தேன், அவ்வளவு நாளுக்குப் பிறகு. ஆனால் இரத்தம் அவர்கள் கண்முன்னால் எடுக்கிறார்கள், ஹியூபேட். இரத்தத்தை எந்தப் போத்தலில் கொண்டுபோவது?

அதற்கிடையில் ஹைகொமிஷன் பதிலும் வந்துவிட்டது. எடுக்க முடியாதாம். என்னால் அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் பாரம் கூடுமாம். நல்ல மரியாதையான இங்கிலிஷில் எழுதியிருக்கிறார்கள். தொழில் பழக்கத்தில் பிழை இருக்கிறதா என்று தேடினேன். ஒரு பிழைகூட இல்லை.

பாலேஸ்வரி டொக்டர் என்னைப் பெரியாஸ்பத்திரியில் கிட்னி டொக்டரிடம் அனுப்பினார். இந்த வருடத்துக்குள் மெஷினில் இரத்தம் சுத்தம் செய்யவேண்டி வருமாம். அல்லது யாராவது ஒரு கிட்னி தரவேணுமாம். "கூடப்பிறந்த ஆக்கள்?" என்று கேட்டார். அம்மாவுக்கு நான் ஒருத்திதான் என்றேன்.

இதை உங்களிடம் கேட்பதற்காக எழுதவில்லை. என்ன நடக்கிறது என்று நீங்கள் தெரிந்திருக்கவேணும், அவ்வளவுதான். அந்தச் சிவப்புக் கோட்டை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

கொறற்றி


ஸ்காபரோ,
04.02.1997

என் கொறற்றி,

நான் தருகிறேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான்தானே நிப்பாட்டச் சொன்னேன். நீர் டொக்டரிடம் மறந்துபோனேன் என்று சொன்னதை வாசித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போன கடிதத்தில் அதை எழுதத் துணிவு வரவில்லை, அதனால்தான் சலம், போத்தல் என்று விசர்க்கதை எழுதினேன்.

இலையுதிர்காலத்தில் எனக்குச் சிற்றிசன் கிடைத்துவிடும். இந்த நாட்டுப் பாஸ்போட்டோடு வந்தால் என்னைச் சும்மா தொடமாட்டார்கள். பயம் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குவதை நினைத்தால் இரவில் எழும்பி லைற்றைப் போட்டுக்கொண்டு இருக்கிறேன். ஆனாலும் வருகிறேன். இரத்தவகை ஒத்துவரும், என்னுடையது எல்லோருக்கும் பொருந்துகிற ஓ. இங்கேயே முதலில் எல்லாப் பரிசோதனையும் செய்துகொண்டு வருகிறேன். அடுத்த கிழமை டொக்டரிடம் போகிறேன். இந்த நாட்டுக்கு வந்து முதல்தரமாக!

தைரியமாக இரும். உமக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

உம்முடையவன்,
ஹியூபேட்


சேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை,
20.05.1997

அன்பின் ஹியூபேட்,

நீங்கள் டொக்டரிடம் போன கதை இன்னும் வரவில்லை. தபால் பிந்துகிறது போலிருக்கிறது. மற்ற வீடுகளுக்குக் கடிதம் வருகிறது. எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் பிந்துகிறது.

கொமினிக்கேஷனுக்குப் போய் ரெலிபோன் எடுத்தேன். உங்கள் புது வீட்டு நம்பரையும் வலன்ரைன்தான் எடுத்தான், இப்போது அங்கேதான் வந்து தங்கியிருக்கிறானாம். "அண்ணை வேலைக்குப் போட்டார் அக்கா" என்றான். அங்கே அப்போது விடியற்காலை. திரும்பவும் எடுத்தேன். வேலைக்குத்தானாம்.

எனக்கு வாயெல்லாம் இரும்பு சப்பினமாதிரி இருக்கிறது. சாப்பாடு மணந்தாலே குமட்டுகிறது. கந்தோரால் நின்றுவிட்டேன். யோகநாதன் ஐயா என் கதிரையில் இன்னும் ஒருவரையும் போடவில்லை, அது அவருடைய நல்ல மனது. நான் கழுத்தை நீட்டினபோது உங்களிடம் கேட்டுக்கொண்டது நீங்கள் கடிதம் எழுதவேண்டும் என்று அல்ல, தெரியும். அப்போது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள், எழுதத் தேவை இருக்கவில்லை.

"மாப்புள கடுதாசி போடல்லயா இன்னம்?" என்று ராத்தா கேட்பார். இப்போது அதையும் கேட்பதில்லை.

கொறற்றி


சேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை,
17.08.1997

ஹியூபேட்,

பயமென்றால் பயம் என்று எழுதுங்கள். உங்கள் உடம்பு, உங்கள் கிட்னி. நான் கேட்கவில்லை. நீங்களாகத் தருகிறேன் என்றீர்கள். மனிசன் ஒரு ஆவேசத்தில் சொல்லிவிட்டுப் பிறகு யோசிப்பது உலகத்தில் நடக்காத ஒன்றா? யோசித்துவிட்டேன், முடியாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் அழுதுவிட்டு விளங்கிக்கொண்டிருப்பேன். வேறு யாராவது வந்துவிட்டாள் என்றாலும் எழுதுங்கள். அந்தத் தோள் அளவுப் பிள்ளை என்றாலும் எழுதுங்கள்.

எழுதாமல் இருக்கிறீர்களே, அதைத்தான் தாங்கமுடியவில்லை. நான் இன்னும் சாகவில்லை. செத்தவளைப்போல என்னை நடத்தவேண்டாம்.

மெஷினில் போட்டுவிட்டார்கள்.

கொறற்றி


ஸ்காபரோ,
23.09.1997

கொறற்றி,

என்ன முகத்தோடு எழுதுவது?

டொக்டரிடம் போனேன். மாசியிலேயே போனேன். கிட்னி தரப்போகிறேன், எழுதித் தாருங்கள் என்று பெரிய ஆளாகக் கேட்டேன். சலம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். அடுத்த கிழமை கூப்பிட்டு இருத்தி, எத்தனை வருடமாகச் சீனி வருத்தம் என்று கேட்டார்கள். எனக்கா என்றேன். சீனியும் இருக்கிறது, பிறஷரும் இருக்கிறது. சலத்தில் புரதம் போகிறது. நாரிப்பிடிப்புக்கு என்ன போடுகிறாய் என்றார்கள், சொன்னேன். உமக்கு உங்கே சொன்னதைத்தான் எனக்கு இங்கேயும் சொன்னார்கள். இரண்டு வேலை, குடிப்பதெல்லாம் சீனிக் கோப்பி, சிகரெட், தின்பது கடையில் மிஞ்சின பொரியல். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட ஒரு டொக்டரின் வாசற்படி மிதிக்கவில்லை. எல்லாம் இலவசம் என்று உமக்கு எழுதினவன் நான்.

ஒருக்காலும் தரமுடியாதாம். இப்படியே விட்டால் எனக்கே ஒன்று தேவைப்படுமாம்.

இதை உமக்கு எப்படி எழுதுவேன்? உம்முடைய குளிசையை நிப்பாட்டினேன். விசாவும் வரவில்லை. தருகிறேன் என்று சொல்லி ஆசை காட்டினேன், அதுவும் இல்லை. பேனையை எடுத்து உம்முடைய பெயரை எழுதிவிட்டுக் கிழித்துப் போடுவேன். நீர் ரெலிபோன் எடுத்த நாட்களில் நான் பக்கத்தில்தான் நின்றேன். வலன்ரைனைப் பொய் சொல்லச் சொன்னேன். வேறு ஒருத்தியும் இல்லை. மாதா சத்தியம்.

போன கிழமை சிற்றிசன் கிடைத்தது. கையை உயர்த்திச் சத்தியம் செய்யும்போது எல்லோருக்கும் பக்கத்தில் ஆட்கள், படம் எடுத்தார்கள். எனக்கு அந்தப் பாஸ்போட்டை எடுக்கவே மனமில்லை. வந்து என்ன செய்ய? தர ஒன்றும் இல்லாதவன் வந்து என்ன பிரயோசனம்? கிழமைக்குக் கிழமை காசு அனுப்புகிறேன். அதையாவது சரியாகச் செய்கிறேன்.

மன்னிக்கக் கேட்கவும் வாயில்லை.

ஹியூபேட்


சேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை,
26.10.1997

அன்பின் ஹியூபேட்,

உங்கள் கடிதத்தைப் படியில் நின்றே வாசித்தேன். முதலில் நிம்மதி வந்தது, வேறொருத்தி இல்லை என்று. பாருங்கள், உங்களுக்குச் சீனி வருத்தம் என்று வாசித்துவிட்டு எனக்கு வந்த முதல் எண்ணம் அதுதான். பிறகு அழுதேன். பிறகு நல்ல கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை, ஆகவே அதையே முதலில் எழுதுகிறேன்.

நிப்பாட்டச் சொன்னது நீங்கள். ஓம். கேட்டது நான். அம்மா வீங்கிச் செத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான், நீங்கள் அல்ல. வலன்ரைன் டொக்டரோ என்று ஒரு கேள்வி நான் கேட்டிருக்கலாம். உங்களிடம் வந்து சேரவேணும் என்ற விசரில் கேட்கவில்லை. அந்த மாதங்கள் இல்லாவிட்டாலும் இது வந்திருக்கும், பிந்தி வந்திருக்கும் என்கிறார் பாலேஸ்வரி டொக்டர். அந்தப் பிந்தின காலம் எனக்கு வேணும்போல இருக்கிறது. அதற்காக உங்கள்மேல் கோபம் இருக்கிறது, இனியும் இருக்கும். புருஷன்மேல் கோபம் இல்லாத பெண்சாதி கொட்டாஞ்சேனையில் எங்கே இருக்கிறாள்?

ஆனால் தர ஒன்றுமில்லை, வந்து என்ன பிரயோசனம் என்று எழுதினீர்களே. என்ன மனிசன் ஐயா நீங்கள்! கோவிலில் வைத்து நான் ஓம் என்று சொன்னது உங்கள் கிட்னியைப் பார்த்தா? அப்போது உங்களுக்கு இரண்டு இருந்ததோ இருபது இருந்ததோ எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். கிழமையில் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். கையில் ஊசியைக் குத்தினால் மத்தியானம்வரை அசையமுடியாது. இரத்தம் குழாயால் போய் மெஷினுக்குள் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டு கிடக்கவேணும். சில நேரம் பிறஷர் விழுந்து கண் இருட்டும். கால் விறைத்து இழுக்கும், யாராவது பிடித்து உருவிவிட்டால்தான் போகும். பக்கத்துக் கட்டிலில் தெமட்டகொடையில் இருந்து வருகிற அலவி என்ற மனிசன். பெண்சாதி அவருடைய காலை மடியில் வைத்துக்கொண்டு, ஏசி ஏசி உருவிவிடுகிறா. என்ன ஏச்சு! "ஒங்களுக்கு வாய் அடங்கல்ல, இனிப்ப விடல்ல, இப்ப எனக்கு மாரடிக்க ஈக்கி" என்கிறா. அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறார். எனக்கு மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கவும் வழியில்லை, கையில் ஊசி.

ராத்தா தொடக்கத்தில் கூட வந்தார். அவருக்கு முழங்கால் ஏலாது, ஆஸ்பத்திரிப் படி ஏறுவது பெரிய பாடு. வரவேண்டாம் என்று நானே மறித்துவிட்டேன். இப்போது தனியத்தான் போய் வருகிறேன். வரும்போது திரீவீலரில் சாய்ந்துகொண்டு வருவேன். சென்றியில் மறித்தால் கட்டுப்போட்ட கையைக் காட்டுவேன்.

இந்த மாதமும் கோட்டையில் வெடித்தது, ரேடியோவில் கேட்டிருப்பீர்கள். பஸ்ஸால் இறக்கித் தமிழ் ஆம்பிளைகளை வரிசையில் விடுகிறார்கள். இந்த நேரம் பார்த்து நான் இதை எழுதக்கூடாது. நீங்கள் போன நாளிலிருந்து நான் எழுதின கடிதம் ஒன்றில்கூட வாருங்கள் என்ற சொல் இல்லை. உங்களை உயிரோடு வைத்திருக்கவேணும் என்று அதைத் தொண்டைக்குள்ளேயே வைத்திருந்தேன். எத்தனை இரவு வாய்வரை வந்தது தெரியுமோ? இப்போது சொல்கிறேன். வாருங்கள். அந்தப் பாஸ்போட்டை எடுங்கள். உங்களுக்குத் தந்த குளிசைகளையும் சீனிக்குத் தந்ததையும் கட்டிக்கொண்டு வாருங்கள். இங்கே பாலேஸ்வரி டொக்டர் இருக்கிறார், இரண்டு பேருக்குமாகச் சேர்த்து ஏசுவார். பதினைந்து நாள் நிற்கமுடிந்தால் பதினைந்து நாள். கூட நிற்கமுடிந்தால் கூட.

பயம் பெரிதாக இருந்தால் வரவேண்டாம். உங்கள் நகங்களைப் பார்த்தவள் நான், உங்களை வெறுக்கமாட்டேன். காசு அனுப்புகிறேன் என்று மட்டும் அதற்குப் பதில் எழுதாதீர்கள்.

ஒவ்வொருமுறையும் ஊசி குத்த முன்னம் நேர்ஸ் கேட்பா, "கவுத எக்க ஆவே?" என்று. கூட வந்தது யார் என்று. மயங்கினால் கூப்பிட ஒரு ஆள் வேணுமே, அதற்குத்தான் கேட்கிறா. மற்றவர்கள் கதவுப்பக்கம் கையைக் காட்டுவார்கள், அங்கே ஒரு மகனோ தங்கச்சியோ நிற்கும். நான் ஒருவரும் இல்லை என்று சொல்வேன். பாவம், நல்ல பிள்ளை, பிறகு ஒன்றும் கேளாமல் ஊசியைக் குத்திவிடும்.

எனக்கு ஒருநாளைக்கு அந்தக் கதவுப்பக்கம் கையைக் காட்டி, அந்தா நிற்கிறார், என்ர மனிசன் என்று சொல்லவேணும்.

கொறற்றி